காதால் படித்த நிரல்

அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்பது அலுவலகத்தில் முதலில் எனக்குத்தான் தெரிந்தது. அவர் சொல்லித் தெரியவில்லை. ஒரு மழைக்கால மதியம் மின்சாரம் போனது. எல்லோரும் எழுந்து ஜன்னல் பக்கம் போனோம். அவர் மட்டும் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். "வாண்ணா, காத்தாட நிக்கலாம்" என்று கூப்பிட்டேன். எழுந்து வந்தவர் வழியில் யாரோ இழுத்துப் போட்டிருந்த நாற்காலியில் நேராக இடித்துக்கொண்டார். வானம் மூட்டமாக இருந்தாலும் அறையில் பகல் வெளிச்சம் மிச்சமிருந்தது. எனக்கு அந்த நாற்காலி நன்றாகவே தெரிந்தது. அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்து, பேச்சை மாற்றினார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்த சமயம் அது. எங்கள் கம்பெனி ராயபுரத்தில், துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. எடைமேடைகளுக்கு மென்பொருள் எழுதுவதுதான் தொழில். எண்ணூர், மணலி பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளில் சரக்கு லாரிகள் ஏறி நிற்குமே, அந்த எடைமேடை. வாடிக்கையாளர்கள் எல்லோரும் இந்தப் பக்கமே இருந்ததால் முதலாளியும் அலுவலகத்தை இங்கேயே போட்டிருந்தார். மற்றபடி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் சென்ட்ரலுக்கு அந்தப் பக்கமிருந்து ரயிலேறி வருபவர்கள். நடந்து வருகிற தூரத்தில் வீடு இருந்தது எனக்கு மட்டும்தான். அவர் வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் சேர்ந்தோம். கூட்டங்களில் மற்றவர்களைப் போலவே இலக்கணமாகப் பேசுவோம். டீ குடிக்கப் படியிறங்கும்போது எங்கள் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சாகிவிடும்.

அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மென்பொருள் மூன்று விதமான இயந்திரங்களில் ஓடியாக வேண்டும். யார்டு அலுவலகத்து விண்டோஸ் கணினி ஒன்று. தலைமை அலுவலகத்து யூனிக்ஸ் சர்வர் ஒன்று. மூன்றாவது, எடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் எடையைக் காட்டுகிற சின்ன போர்டு. நாங்கள் எழுதும் நிரலை அந்தந்த இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது கம்பைலர். மூன்றுக்கும் வேறு வேறு கம்பைலர், வேறு வேறு துணைக் கருவிகள். எந்தக் கோப்பை எதனோடு சேர்த்து எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ப்ராஜெக்ட் தயாரிக்க வேண்டும். அதைக் கையால் எழுதி மாளாது என்று அவர் மூன்று ஜெனரேட்டர்கள் எழுதியிருந்தார். அவை தாமாகவே ப்ராஜெக்டுகளை உருவாக்கித் தரும்.

ஒவ்வொரு ஜெனரேட்டரும் வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை செய்யும். இந்தக் கணினியில் கம்பைலர் இருக்கிறதா, எந்த வெர்ஷன், ஒரு சின்ன மாதிரி நிரலைக் கொடுத்தால் ஒழுங்காக மாற்றுகிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் காரணத்தைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடும். யூனிக்ஸுக்குத்தான் அவர் இந்தச் சோதனையை முதலில் எழுதினார். மற்ற இரண்டுக்கும் அவசரத்தில் அதையே நகலெடுத்துப் போட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்து ஒவ்வொரு நகலிலும் தேவைக்கேற்பக் கை வைத்தார்கள். அப்படிக் கை வைத்தவர்களில் சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். சிலர் கம்பெனி மாறிவிட்டார்கள்.

அந்த வருடம் விண்டோஸ் கம்பைலரில் புது வெர்ஷன் வந்தது. எங்கள் சோதனைக்கு அது யாரென்றே தெரியவில்லை. கம்பைலர் இல்லை என்று சொல்லி ஜெனரேட்டர் நின்றது. மற்ற இரண்டுக்கும்கூடப் புது வெர்ஷன்கள் வந்துகொண்டிருந்தன. மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, மூன்று இடத்திலும் இரண்டு இரண்டு வரி மாற்றிவிடச் சொன்னார்.

"சார், மூணு சோதனையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பொதுவானதை எடுத்து ஒரே இடத்தில் வைத்துவிடுகிறேன். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்" என்றார் அவர்.

"ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்குக் கலைக்கணும்? வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத வேலை இது" என்றார் மேனேஜர்.

எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அன்றைக்கு அவர் நகரவில்லை. மேனேஜரின் மேஜைக்கு முன்னால் நின்று, குரலை உயர்த்தாமல், சொன்னதையே மறுபடி மறுபடி சொன்னார். கடைசியில், மென்பொருளின் அடுத்த வெளியீடு ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது என்ற நிபந்தனையோடு மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தம் வரைக்கும் அவரோடு நடந்தேன். வெயில் இன்னும் இறங்கவில்லை.

"இன்னாண்ணா, மேனேஜராண்ட அவ்ளோ மல்லுக்கட்டிக்கினு இருந்தியே. ரெண்டு வரிதானே? போட்டுட்டு போறது."

அவர் நிழல் இருந்த பக்கமாக ஒதுங்கினார். பிறகு, "அன்னிக்கி நான் நாற்காலில இட்சிக்கினத நீ பாத்தே. யாராண்டயும் சொல்லல போல கீது" என்றார்.

"சொல்றதுக்கு இன்னா கீது?"

"கீது. எனுக்கு சின்ன வயசுலேந்தே இருட்டுனா ஒன்னியும் தெரியாது. இப்ப வெளிச்சத்துலயும் சுத்திக்கினு அடச்சிக்கினே வருது. நடுவுல கொஞ்சூண்டு எடம்தான் மிச்சம். அதுவும் கலங்கலா கீது. பெரிய ஆஸ்பத்திரியில பாத்தாச்சு. விழித்திரை நோயாம். மருந்தும் கெடையாது, ஆப்ரேசனும் கெடையாதுன்ட்டாங்க."

"வூட்ல தெரியுமா?" என்றேன்.

"இவ்ளோன்னு தெரியாது."

நிறுத்தத்துக்கு வந்துவிட்டோம். அவர் பஸ் வந்தது, போனது. ஏறவில்லை.

"மூணு எடத்துல கெடந்தா, இனிமே என்னால தேடித் தேடிப் பாக்க முடியாதும்மா. எந்த வரி எதுல கீதுன்னே தெரியாம பூடும். ஒரு எடத்துல வச்சிட்டா, அத்த மனசுலயே வச்சிக்குவேன். கண்ணு பூட்டாகூட அந்த ஒரு எடத்த நான் பாத்துக்கலாம் பாரு. அதுக்குத்தான் மல்லுக்கட்னது."

அடுத்த பஸ் வந்ததும் எண்ணைப் படித்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஏறிப் போனார். அன்றைக்கு வீட்டுக்கு நேர்வழியில் போகாமல் மாதா கோயிலுக்குள் போய் உட்கார்ந்தேன். ஜெபம் எதுவும் வரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் அவரே வந்து கேட்டார். "நீ படி. நான் கேட்டுக்கறேன்."

பழைய மானிட்டர்களை அடுக்கி வைத்திருந்த ஒரு சின்ன அறை இருந்தது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு அங்கே ஒரு கணினியைப் போட்டுக்கொண்டோம். நான் திரையைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் படிக்கிறவள் நான். அதே குரலில் படித்துவிட்டேன் போலிருக்கிறது.

"கோயில்ல படிக்கிற மாரியே இழுத்துக்கினு படிக்கிற. அப்டி வாணாம். அடைப்பு எங்க தொறக்குது, எங்க மூடுதுன்னு எனுக்குத் தெரியணும்."

அதற்காக நாங்களாகவே சில சொற்களை வைத்துக்கொண்டோம். அடைப்புக்குறி திறந்தால் 'தொற', மூடினால் 'மூடு'. ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை வந்தால் நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்துவேன். வெளியே வந்ததும் பழைய குரல். கேட்பவர்களுக்கு விநோதமாக இருந்திருக்கும். டீ கொண்டுவந்த அம்மா ஒருமுறை வாசலிலேயே நின்று, நாங்கள் ஏதோ மந்திரம் சொல்கிறோமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

முதல் இரண்டு நாட்கள் எனக்குத் தொண்டை வறண்டது. அவருக்குத் தலை வலித்தது. படிப்பது அவருக்குப் பழகிய வேலை. கேட்டு நினைவில் வைத்துக்கொள்வது வேறு வேலை. பாதியில், "நிறுத்து, விட்டுட்டேன்" என்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். ஒரு மதியம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இது ஆகாது, இரண்டு வரியை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றார். நான் அடுத்த வரியைப் படித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் திரும்பவும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

விண்டோஸ் ஜெனரேட்டரைப் பாதி படித்திருப்பேன். கையைத் தூக்கினார்.

"இரு. இத்தத்தான் காலைலயே படிச்சியே."

"இல்லண்ணா, காலைல படிச்சது யூனிக்ஸு. இது வேற கோப்பு."

"பேருதான் வேற. நீ படிக்கிறது அதே மாரிதான் வருது. மாதிரி நிரல எழுதற எடம், கம்பைலர கூப்புடற எடம், அப்பால பதில பாக்கற எடம். எல்லாம் அதே வரிசை."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. பெயர்களையும் இடைவெளிகளையும் யாரோ மாற்றியிருந்தார்கள். கண்ணால் பார்த்தால் இரண்டும் வேறு வேறாகத்தான் தெரிந்தன. எத்தனையோ முறை அந்த இரண்டு கோப்புகளையும் திறந்திருக்கிறேன். எனக்கு அது தெரிந்ததில்லை. அவருக்கும் கண் நன்றாக இருந்தபோது தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அன்றிலிருந்து தலைவலி என்று சொல்வதை நிறுத்திவிட்டார். காலையில் வந்ததும் எனக்கு முன்னால் போய் அந்த அறையில் உட்கார்ந்திருப்பார்.

மூன்றாவது, போர்டுக்கான ஜெனரேட்டரில், இரண்டு இடங்களில் அவர் நிறுத்தினார். மற்ற இரண்டும் மாதிரி நிரலை மாற்றியதும் ஓட்டிப் பார்க்கும். இது ஓட்டிப் பார்ப்பதில்லை. அதற்குக் காரணம் எங்களுக்கே புரிந்தது. போர்டுக்கென்று மாற்றிய நிரல் எங்கள் கணினியில் ஓடாது. இன்னொன்றுதான் புரியவில்லை. மற்ற இரண்டும், இந்த வெர்ஷன் அல்லது அதற்குப் பிந்தையது என்றால் சரி என்று விட்டுவிடும். இதுவோ, இந்த ஒரு வெர்ஷன்தான், புதியது கூடாது என்றது. அப்படி மாற்றி எழுதியவர் நாட்டிலேயே இல்லை. ஏன் என்று ஒரு வரி விளக்கம்கூட எழுதி வைக்கவில்லை.

மேனேஜரிடம் கேட்டோம். "பழைய ஆள் ஏதோ அவசரத்தில் போட்டிருப்பார். மூணையும் ஒரே மாதிரி ஆக்கத்தானே இந்த வேலை? எடுத்துடுங்க" என்றார்.

"காரணம் தெரியாமல் எடுக்க வேண்டாம் சார். ஒருமுறை யார்டில் வைத்துப் பார்த்துவிடுகிறோம்" என்றார் அவர்.

புதிய கம்பைலரில் போர்டுக்கான நிரலைக் கட்டி எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் எண்ணூருக்குப் போனோம். விம்கோ நகரைத் தாண்டியதும் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. பஸ் அவற்றின் ஓரமாக ஊர்ந்தது. இறங்கிய இடத்திலிருந்து யார்டு வாசல் வரைக்கும் பள்ளமும் கரித்தூளுமாக இருந்தது. நான் அரை அடி முன்னால் நடக்க, அவர் என் தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாராவது எதிரில் வந்தால் விட்டுவிடுவார். ஆள் கடந்ததும் மறுபடி பிடித்துக்கொள்வார். பள்ளம் வரும்போது நான் நடையை மெதுவாக்கினேன்.

எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். பெட்டியைத் திறந்துவிட்டார். என்னோடு வந்தவர் உள்ளே தடுமாறித் தடுமாறித் திருகாணியைத் தேடியதைப் பார்த்து, "இன்னா சார், கண்ணுல தூசி பூந்துகிச்சா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா. பேஜாரா கீது" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பொய்யை அவர் எவ்வளவு சுலபமாகச் சொன்னார் என்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பல காலம் சொல்லிப் பழகிய பொய் அது.

சோதனைக்கென்று வைத்திருக்கும் இரும்பு எடைக்கற்களை மேடையில் ஏற்றினார்கள். நான் எடைகாட்டியில் வரும் எண்ணைப் படித்தேன். கற்களை ஏற்ற ஏற்ற எடை சரியாகத்தான் வந்தது. இறக்கும்போது ஓரிடத்தில் கடைசி இலக்கம் கூடுதலாக நின்றது. மறுபடி ஏற்றி இறக்கினார்கள். அதே இடத்தில் அதே பிசகு. பழைய கம்பைலரில் கட்டியதைப் போட்டோம், பிசகு மறைந்தது. தசம எண்ணை முழு எண்ணாக்குகிற இடத்தில் புதிய கம்பைலர் வேறு மாதிரி நடந்துகொள்கிறது என்று பிறகு கண்டுபிடித்தோம். யாரோ ஒருவர் என்றைக்கோ இதே வெயிலில் நின்று இதைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் எழுதாமல் சோதனையை மட்டும் இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்.

திரும்பும் வழியில் அவர் உற்சாகமாக இருந்தார். அந்த வருடத்தில் அப்படி அவரை நான் பார்த்த ஒரே நாள் அதுதான். பஸ்ஸில் நின்றபடியே வேலையின் வடிவத்தை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். சோதனை ஒரே இடத்தில் இருக்கும். ஒவ்வொரு ஜெனரேட்டரும் தனக்கு வேண்டியதை மட்டும் அதனிடம் சொல்லும். மாதிரி நிரலை ஓட்டிப் பார்க்கவா வேண்டாமா, புதிய வெர்ஷன் ஆகுமா ஆகாதா. ஏன் ஆகாது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நான்காவதாக ஒரு இயந்திரம் வந்தால்கூட அது இந்தச் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். சொன்ன மாதிரியே செய்தோம். அவர் வாய்விட்டுச் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன், படித்துக் காட்டுவேன், திருத்துவார். சோதனையின் பழைய நகல்கள் மூன்றையும் நீக்கிய அன்று தானே விசையை அழுத்துவதாகச் சொன்னார். அவர் விரலை எடுத்து விசையின் மேல் வைத்தேன். வெளியீடு தள்ளிப்போகவில்லை.

மேனேஜர் நியாயமான மனிதர். வேலை பிடித்துப்போனதும் அதை நாலு பேருக்குக் காட்ட ஆசைப்பட்டார். யார்டு ஒன்றிலிருந்து வந்திருந்த பொறியாளரும் முதலாளியும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் அவரை விளக்கச் சொன்னார். கூட்ட அறையில் இருந்தது வேறு கணினி. எழுத்து சின்னதாக இருந்தது. விளக்கம் முழுவதையும் மனதிலிருந்தே சொன்னார், ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. முடிந்ததும் பொறியாளர், தங்கள் யார்டில் இருக்கும் கம்பைலர் வெர்ஷனை இப்போதே சேர்த்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். சாதாரணமான கேள்விதான்.

அவர் விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தார். தட்டினார். எழுத்துகள் திரையில் வேறொரு ஜன்னலில் போய் விழுந்தன. அழித்தார். மறுபடி தட்டினார். மறுபடியும் அங்கேயே விழுந்தன. நான் எழுந்திருக்கப் போனேன். என் நாற்காலிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிக்க வேண்டும் சார். எனக்குத் திரை தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே தெரியவில்லை. இந்த வேலையை இவர் படிக்கக் கேட்டுத்தான் செய்தேன்."

முதலாளி மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார். பொறியாளர்தான் முதலில் எழுந்து, தண்ணீர் தம்ளரை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார்.

பிறகு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உனக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அது அவர் சொல்ல வேண்டியது சார்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, போகச் சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வியாசர்பாடிக்குப் போனேன். குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. அவர் மனைவி தையல் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். அன்றைக்கு வீட்டில் இருந்தார். கணவர் உள்ளறையில் புத்தர் படத்துக்குக் கீழே பாயில் படுத்திருந்தார். தூங்கவில்லை. நான் வந்தது தெரிந்தும் எழுந்து வரவில்லை. மனைவி என்னை வாசல் தாழ்வாரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

"எனுக்கு ஒன்னியும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தாரு" என்றார். "சோத்துல கொழம்ப ஊத்தறப்ப தட்டுக்கு வெளிய ஊத்தறது, கொழந்தயோட செருப்ப மாத்திப் போட்டு விடறது, எல்லாத்தையும் பாத்துக்கினுதான் கீறேன். அவரா சொல்லட்டும்னு இருந்தேன். கல்யாணமாயி வந்தப்ப, ராத்திரில எங்கயும் கூட்டிக்கினு போவ மாட்டேங்கறாரேன்னு வெசனப்பட்டிருக்கேன். அப்பவே கொஞ்சம் புரிஞ்சிது."

"சொல்லலன்னு கோவமா?"

"கோவம் இல்லாம? கோவம் ஒருபக்கம் கீது. ஆனா ஊரு முன்னால மொதல்ல சொன்னாரே, எனுக்கு சொல்றதுக்கு முன்னால. அதான் தாங்கல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ படிச்சிக் காட்னியாமே. அத்த மட்டும் வூட்டுக்கு வந்து சொல்லுவாரு. இன்னிக்கி இவ்ளோ முடிஞ்சிது, இன்னிக்கி இவ்ளோ முடிஞ்சிதுன்னு. எதுக்கு இவ்ளோ சந்தோசப்படறாருன்னு அப்ப புரியல."

உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேனேஜர் எப்போது வருவீர்கள் என்று கேட்டதாகச் சொன்னேன். உண்மையாகவே கேட்டிருந்தார்.

"எதுக்கு? கணக்கு முடிக்கவா?"

"தெரியலண்ணா. ஆனா முடிக்கறவரு அந்த மாரி கேக்க மாட்டாரு. வந்து கேட்டுக்கோ."

மனைவி வாசற்படியில் நின்றபடி, "நானே கூட்டிக்கினு போறேன்" என்றார். அன்றைக்கு நான் கேட்ட பேச்சுகளிலேயே உறுதியாக இருந்தது அதுதான்.

மேனேஜர் முதலாளியிடம் என்ன பேசினார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் வேலை போகவில்லை. திரையில் இருப்பதைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் ஒன்றை மேனேஜரே எங்கிருந்தோ வரவழைத்தார். வெள்ளைக்காரன் மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும் அந்தக் குரல். அவர் அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கடைசியில் அது பேசுவது எங்கள் யாருக்கும் புரியாத வேகத்துக்கு வந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது. மீதியிருந்த பார்வையும் அந்த வருடத்துக்குள் போய்விட்டது. ஆனால் சோதனை இருந்த அந்த ஒரு கோப்பு அவர் பொறுப்பில்தான் இருந்தது. கம்பைலர்களின் புதிய வெர்ஷன்களையெல்லாம் அவரே சேர்த்தார். யாராவது அதில் கை வைத்தால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது அலுவலகத்தில் சொல்லாமலே வழக்கமானது. நினைத்தபடி ஒரு இடத்தை அவர் பிடித்து வைத்துக்கொண்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அது ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல் நீடித்தது. பிறகு எங்கள் கம்பெனியை வேறொரு பெரிய கம்பெனி வாங்கியது. ராயபுரம் அலுவலகத்தைக் காலி செய்துவிட்டு ஊரின் தெற்குக் கோடிக்கு, கிண்டியெல்லாம் தாண்டிப் போனார்கள். அவர் விடவில்லை. பஸ், ரயில், மறுபடி பஸ் என்று சில வாரங்கள் வந்தார். காலையில் மனைவி பாதி வழி கொண்டுவந்து விடுவார், அங்கிருந்து நான் சேர்ந்துகொள்வேன். எனக்குக் காய்ச்சல் வந்து போக முடியாமல் இருந்த ஒரு நாள், பிளாட்பாரக் கூட்டத்தில் யாரோ இடித்து, படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். கட்டுப் பிரித்து அவர் எழுந்து நடப்பதற்குள் புதிய கம்பெனி அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டது. திரும்பி வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்று சொன்னவர்களும் இல்லை. ஒருநாள் அவரே ராஜினாமாவைச் சொல்லி, என்னைத் தட்டச்சு செய்து கொடுக்கச் சொன்னார். செய்து கொடுத்தேன்.

பார்வையற்றவர்களுக்கான ஒதுக்கீட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் தொலைபேசி இயக்குபவர் வேலை அவருக்குக் கிடைத்தது. நிரந்தர வேலை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. என் அம்மாகூடக் கேள்விப்பட்டு, ஆண்டவர் வழிவிட்டார் என்றார். எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை. அவர் தலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது அருகில் உட்கார்ந்து படித்தவளுக்குத் தெரியும்.

நான் விடுப்பு எடுத்த ஒரு நாளில் அந்த அலுவலகத்துக்குப் போய் அவரைப் பார்த்தேன். மாடிப்படிக்குக் கீழே, மரத்தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் உடம்பு போட்டிருந்தார். என் காலடி கேட்டதுமே, "வாம்மா, உக்காரு" என்றார். மனைவி கட்டிக்கொடுத்த எலுமிச்சம்பழச் சோற்றை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். பெண் பள்ளியில் நன்றாகப் படிக்கிறாள் என்றார். மனைவி தையல் வேலையில் மேற்பார்வையாளராகிவிட்டார் என்றார். அலுவலகத்தில் இருக்கும் அத்தனை பேரின் குரலும் இப்போது அவருக்குத் தெரியும்.

"இங்க எல்லாரும் நல்ல மாரி பாத்துக்கறாங்களாண்ணா?"

"தங்கமான ஜனங்கம்மா. ரோடு தாண்டி வுடுவாங்க, டீ வாங்கியாந்து குடுப்பாங்க. ஒரு கொறையும் இல்ல." கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஆனா எங்கிட்ட கஷ்டமானது எதையும் யாரும் கேக்கறதில்ல."

அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அன்றைய வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். தொலைபேசிப் பலகையில் மணி அடித்தது. அவர் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு, எனக்குப் பழக்கமில்லாத ஒரு பணிவான குரலில், அலுவலகத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார்.